அடுப்படியிலிருந்து நேரே வயிற்றுக்கு!

காலை ஏழு மணிக்கு அந்தச் சமையலறையில் பிளெண்டர் ஓட ஆரம்பித்தால் பக்கத்து அறையில் போன் பேச முடியாது. அப்படி ஒரு சத்தம்! ஜாடிக்குள்ளே ஓட்ஸ் கஞ்சி, வேகவைத்த கோழி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு பிடி பசலைக்கீரை, அவகாடோ, பால், ஆலிவ் எண்ணெய். முதலில் ஆரஞ்சுத் துண்டுகள் எகிறிக் குதிக்கின்றன. பிறகு பச்சை வரிவரியாக ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே நிறமாகி, தோசை மாவுப் பதத்தில், நடுவே சுழி விழச் சுற்றுகிறது. அம்மா மூடியைத் திறந்து கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்க்கிறார். கட்டி, நார் ஏதாவது தட்டுப்படுகிறதா? இல்லை. சாப்பாடு தயார்!

சாப்பிடப் போகிறவளுக்கு நான்கு வயது. நாற்காலியில் உட்கார்ந்து சட்டையை அவளே தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள். இந்தச் சாப்பாடு அவள் வாய்க்குப் போகாது. தொப்புளுக்கு மேலே, இடது பக்கம், தோலை ஒட்டிப் பதிந்திருக்கும் ஒரு சின்ன சிலிக்கான் பட்டன் வழியாக நேரே இரைப்பைக்குப் போகும்.

இது ஒரு குறிப்பிட்ட வீடு இல்லை. வயிற்றுக் குழாய் வழியாகச் சாப்பிடும் குழந்தைக்கு, டப்பாவில் வரும் ஊட்டத் திரவத்துக்குப் பதிலாக வீட்டுச் சாப்பாட்டையே அரைத்துக் கொடுக்கும் எத்தனையோ அமெரிக்க வீடுகளில் பொழுது இப்படித்தான் விடிகிறது. அந்தச் சமையலறைகளின் உள்வேலையைத் தெரிந்துகொள்ளத் தொடங்கியதிலிருந்து உற்சாகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மருத்துவமும் சமையலும் இப்படிக் கைகோத்து நிற்கும் இடம் வேறெங்கே இருக்கிறது! வாருங்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பட்டனைக் கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோம். வெளியே தெரிவது சின்ன மூடி ஒன்று மட்டும். அது தொலையாமல் இருக்க ஒரு வார். உள்ளே, இரைப்பைச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு குட்டி பலூன். அதில் சுமார் 5 மில்லி தண்ணீர். அந்தப் பலூன்தான் பட்டன் வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பக்கவாட்டில் இருக்கும் வால்வில் சிரிஞ்சைப் பொருத்தித் தண்ணீரை உறிஞ்சினால் பலூன் சுருங்கும், பட்டன் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், புதியதைப் போடலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும் இந்த மாற்றத்தைப் பல அப்பா அம்மாக்கள் வீட்டிலேயே செய்கிறார்கள். தற்செயலாகக் கழன்றுவிட்டால் மட்டும் ஓடியாக வேண்டும். சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கிவிடும். அதனால் எங்கே போனாலும் கைப்பையில் மாற்றுப் பட்டன் ஒன்று இருக்கும். சாப்பிடும் நேரத்தில் ஒரு நீட்டிப்புக் குழாயைக் கொண்டுவந்து, கோட்டோடு கோடு பொருத்தித் திருகினால் பூட்டிக்கொள்கிறது. சாப்பிட்டு முடித்ததும் கழற்றி மூடிவிட்டால் குழந்தை ஓடலாம், உருளலாம், நீச்சல் குளத்தில் குதிக்கலாம்.

யாருக்கெல்லாம் இது? பெருமூளை வாதத்தால் விழுங்கும் தசைகள் ஒத்துழைக்காத குழந்தைகள், விழுங்கும்போது சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிற குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறவியிலேயே இதயக் கோளாறோ மரபணுக் கோளாறோ உள்ளவர்கள். இவர்களில் பலருக்கு இரைப்பையும் குடலும் நன்றாகவே வேலை செய்கின்றன. சாப்பாடு அங்கே போய்ச் சேருவதுதான் பிரச்சினை.

போய்ச் சேர வைத்த கதை அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், கிளீவ்லேண்ட் நகரத்தில் தொடங்குகிறது. வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்கும் அறுவைச்சிகிச்சை 19-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ஆனால் அதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும். ஏற்கெனவே நலிந்து கிடக்கும் ஒரு பச்சைக் குழந்தைக்கு அது பெரிய சோதனை. ரெயின்போ குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் மைக்கேல் கவுடரரை இது உறுத்திக்கொண்டே இருந்தது. எண்டோஸ்கோப்பி பார்க்கும்போது ஒரு காட்சி கண்ணில் பட்டது. விளக்கு அணைந்த அறையில், குழந்தையின் இரைப்பைக்குள் இருக்கும் எண்டோஸ்கோப்பின் வெளிச்சம் வயிற்றுத் தோலைத் தாண்டி வெளியே ஒளிர்ந்தது! அப்படியானால் இரைப்பை எங்கே தோலுக்கு மிக அருகில் இருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரிகிறது. அந்த ஒளி விழும் இடத்தில் ஊசியைக் குத்தினால் போதுமே!

1979 ஜூன் 12. நாலரை மாதக் குழந்தை. எண்டோஸ்கோப்பிக்கு ஜெஃப்ரி பான்ஸ்கி என்ற மருத்துவர். ஒளிர்ந்த இடத்தில் கவுடரர் ஊசி குத்தி, அதன் வழியாக ஒரு நீளமான பட்டு நூலை இரைப்பைக்குள் விட்டார். பான்ஸ்கி உள்ளேயிருந்து நூலைப் பிடித்து வாய் வழியாக வெளியே இழுத்தார். நூலின் வாய்ப்பக்க நுனியில் ஒரு குழாயைக் கட்டினார்கள். சிறுநீர்ச் சிகிச்சைக்குப் பயன்பட்டுவந்த, நுனி காளான் வடிவில் விரிந்த ரப்பர் குழாய். பிறகு வயிற்றுப் பக்க நுனியைப் பிடித்து இழுக்க, குழாய் வாய்க்குள் நுழைந்து, உணவுக்குழாய் வழியே இறங்கி, இரைப்பைச் சுவரைத் தாண்டி வயிற்றின் வெளியே எட்டிப் பார்த்தது. காளான் தலை உள்ளே தங்கி அதை நிறுத்திக்கொண்டது. தையல் இல்லை, கிழிசல் இல்லை. ஊசி, நூல், குழாய், அவ்வளவுதான்! 1980-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் செய்கிற ‘பெக்’ முறை இதுவே. தோலோடு ஒட்டிய பட்டனையும் கவுடரரும் சக மருத்துவர்களும்தான் 1984-ல் அறிமுகப்படுத்தினார்கள்.

பட்டு நூல் என்றதும் எனக்கு இன்னொரு பட்டு நூல் ஞாபகம் வருகிறது. 1822-ல் ஹூரான் ஏரியின் மாக்கினாக் தீவில், அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பைவரை போன துளை மூடவே இல்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்தத் துளையைச் சன்னலாகப் பயன்படுத்திக்கொண்டார். 1825 ஆகஸ்ட் 1 நண்பகலில் மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் பட்டு நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தால் ரொட்டியும் கோஸும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. செயின்ட் மார்ட்டின் பட்ட பாட்டை நினைத்தால் மனசு கனக்கிறது. இருந்தாலும் இரைப்பைக்குள் சாப்பாடு என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் பார்த்தது அந்தத் துளை வழியாகத்தான்.

சரி, குழாய் வந்துவிட்டது. அதில் எதை ஊற்றுவது? 1790-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், விழுங்க முடியாத ஒருவருக்குத் திமிங்கில எலும்பின் மேல் விலாங்குத் தோலைச் சுற்றிச் செய்த குழாய் வழியாக, தண்ணீரில் அடித்த முட்டை, சர்க்கரை, பால், ஒயின் கொடுத்தார். நெடுங்காலம் ஆஸ்பத்திரிகளிலும் சமையலறைக் கலவைதான். பிறகு தொழிற்சாலை திரவம் வந்தது. 1960-களில் விண்வெளி வீரர்களுக்காகச் செய்த உணவு ஆய்வுகளும் அதற்குக் கைகொடுத்தன. பால் புரதம், மால்டோடெக்ஸ்ட்ரின், எண்ணெய், வைட்டமின்கள் எல்லாம் அளந்து கலந்து, கிருமி நீக்கி அடைத்த பாட்டில். திறந்தால் வேலை முடிந்தது. பம்பில் மாட்டலாம், குழாய் அடைக்காது, ஒவ்வொரு மில்லியிலும் என்ன இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லலாம். எத்தனையோ குழந்தைகளின் உயிரைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பாட்டில், இன்றும் நிறுத்துகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சில குழந்தைகளின் வயிறு அதை ஏற்கவில்லை. முக்கியமாக, எதுக்களிப்பைத் தடுக்க இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் ‘ஃபண்டோப்ளிகேஷன்’ அறுவைச்சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகள். வாந்தி மேலே வர வழி இல்லை, குமட்டலோ நிற்கவில்லை. ஒவ்வொரு முறை குழாயில் ஊற்றும்போதும் குழந்தை ஓங்கரித்து ஓங்கரித்துக் கண் சிவந்து போகும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை இதைப் பார்க்கும் தாயின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

இப்போது கிளீவ்லேண்டிலிருந்து ஐ-71 நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் போனால் சின்சினாட்டி. அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்காட் பென்டியுக் என்ற மருத்துவரும், தெரேஸ் ஓ’ஃப்ளாஹர்ட்டி என்ற டயட்டீஷியனும், அவர்கள் குழுவினரும், இப்படி ஓங்கரித்துக்கொண்டிருந்த 33 குழந்தைகளுக்குக் கூழாக்கிய சாப்பாட்டை வயிற்றுக் குழாயில் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2011-ல் வெளியாயின. 17 குழந்தைகளுக்கு ஓங்கரிப்பு முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாகப் பெற்றோர் சொன்னார்கள். பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் என்று பார்த்தால் 24 பேர். கூடியது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இன்னொன்று இருக்கிறது, அதைப் படித்ததும் நான் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன்: 19 குழந்தைகள் முன்பைவிட அதிகமாக வாயால் சாப்பிடத் தொடங்கினார்கள்! குமட்டல் அடங்கியதும் சாப்பாட்டின் மேல் இருந்த பயம் விலகியிருக்கலாம். கெட்டியான சாப்பாடு இரைப்பையில் நிதானமாகத் தங்கி மெல்ல இறங்குவதும், மேலே எதுக்களித்து ஏறாமல் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்கிறார்கள். சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைக்கவில்லை. ஆனால் “வீட்டுச் சாப்பாடு கொடுத்தேன், குழந்தை தெளிந்துவிட்டாள்” என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாக்களின் கையில் ஒரு மருத்துவ இதழ் கிடைத்தது.

இனி அடுப்படி.

அந்த பிளெண்டரைப் பற்றி முதலில். சாதாரண பிளெண்டர் இதற்குத் தாங்காது. கோழித் தசையின் நார், கீரையின் நரம்பு, பட்டாணித் தோல், எது மிஞ்சினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் இந்த வீடுகளில் அதிகம் தென்படுவது வைட்டமிக்ஸ். அதுவும் ஓஹியோதான்! கிளீவ்லேண்டை ஒட்டிய ஓம்ஸ்டெட் டவுன்ஷிப்பில் இருக்கிறது கம்பெனி. 1949-லேயே கிளீவ்லேண்ட் டிவியில் அரை மணி நேரம் நின்று அரைத்துக் காட்டி விற்றவர்கள். பிளேடு சுழலும் வேகத்தில் உராய்ந்தே சூடேறி, ஆறு நிமிஷம் போல ஓடவிட்டால் சூப் ஆவி பறக்கும். விலை கூடுதல்தான், மருத்துவத் தேவைக்காக வாங்குகிறவர்களுக்குச் சலுகை கொடுத்துவந்திருக்கிறார்கள். அந்த ஐ-71 நெடுஞ்சாலையின் நடுவழியில், கொலம்பஸ் நகரத்தில், பெடியாஷூர் என்ற பாட்டில் திரவத்தைத் தயாரிக்கும் அபாட் கம்பெனியின் ஊட்டச்சத்துப் பிரிவு. துளை, பாட்டில், பிளெண்டர், ஆய்வு எல்லாம் ஒரே மாநிலத்தில்! வரைபடத்தில் விரலை வைத்துத் தேடித் தேடிச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது ஜாடிக்குள் போனதைக் கணக்குப் பார்ப்போம். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 85 கிராம், சுமார் 140 கலோரி. ஒரு கப் ஓட்ஸ் கஞ்சி, 160. சர்க்கரைவள்ளி 100 கிராம், 90. அவகாடோ 100 கிராம், 160. முழுக் கொழுப்புள்ள பால் ஒரு கப், 150. ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, 120. கீரைக்குக் கணக்கே வேண்டாம். மொத்தம் 820 கலோரி. அரைத்து அளந்தால் ஏறக்குறைய 800 மில்லி. அதாவது மில்லிக்கு ஒரு கலோரி! குழந்தைகளுக்கான பாட்டில் திரவமும் பொதுவாக மில்லிக்கு ஒரு கலோரிதான். சாதாரணச் சமையல் சாமானை வைத்து அந்த எண்ணைத் தொட்டுவிடுகிறார்கள். மந்திரம் எண்ணெயிலும் அவகாடோவிலும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ஓடவில்லையே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் வயிறு நிறையும், எடை ஏறாது. சின்ன வயிற்றுக்கு எவ்வளவுதான் பிடிக்கும்?

எது ஓடும், எது ஓடாது என்பது தனி வித்தை. ஸ்ட்ராபெரி, பிளாக்பெரி விதை எந்த பிளேடுக்கும் தப்பித்துவிடும். மெல்லிய வடிகட்டியில் வடித்தே ஆக வேண்டும். உருளைக்கிழங்கு, ரொட்டி, பாஸ்தா மூன்றும் தனியாக அரைத்தால் பசை. உருளையை அதிகம் அரைக்க அரைக்க மாவுச்சத்து வெளியே வந்து இழுபடும். அதற்குக் கொஞ்சம் தக்காளிச் சாறோ எலும்பு சூப்போ சேர்த்தால் இளகிவிடுகிறது. சாதத்தோடு எண்ணெய் சேர்த்துச் சூடாக அரைத்தால் பட்டு. ஆறினால் கெட்டிப்பட்டு நின்றுவிடும். நட் பட்டர் சுவரில் அப்பிக்கொள்ளும், பால் வேண்டும். இதெல்லாம் பாட்டி கைப்பக்குவம் போல ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறது. 2007-ல் மார்ஷா டன் க்ளைனும் சூசான் எவன்ஸ் மோரிஸும் இந்தச் சமையலுக்கென்றே ஒரு முழுக் கையேடு கொண்டுவந்தார்கள். அதற்குமுன் அம்மாக்கள் தாங்களே கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

குழாய் எவ்வளவு தடிமன்? ‘ஃப்ரெஞ்ச்’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ஃப்ரெஞ்ச், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அரைத்த சாப்பாட்டுக்கு 14 ஃப்ரெஞ்ச் அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது என்பது பொதுவான அறிவுரை. 14 ஃப்ரெஞ்ச் என்றால் வெளிவிட்டம் 4.7 மில்லிமீட்டர். 12-க்கும் 14-க்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று தோன்றும். இங்கேதான் இயற்பியல் வந்து கும்மாளம் போடுகிறது! குழாய்க்குள் ஓடும் திரவத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12-ஐ 14 ஆக்கி, உள்விட்டமும் அதே விகிதத்தில் கூடினால், அதே அழுத்தத்தில் ஓட்டம் 1.85 மடங்காகிவிடும். பிதுக்கிப் பிதுக்கிப் பெருவிரல் வலித்த அப்பாக்களுக்கு அந்த இரண்டு ஃப்ரெஞ்ச் பெரிய விஷயம்.

பெருவிரல் என்றதும் சிரிஞ்ச். 60 மில்லி பிடிக்கும் பெரிய சிரிஞ்ச், ஊசி கிடையாது. புதிதாக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு போகிற பிஸ்டன், நாலு நாள் கழுவினால் இறுகிப் பாதி வழியில் நிற்கும். பிறகு திடீரென்று விடுபட்டு, சுவர் முழுக்கக் கீரைக் கோலம்! அதனால் விஷயம் தெரிந்தவர்கள் ஓ-ரிங் சிரிஞ்ச் வாங்குகிறார்கள். பிஸ்டனைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம். துளி சமையல் எண்ணெய் தடவினால் ரொம்ப நாள் உழைக்கும். சிரிஞ்சும் குழாயும் சேரும் வாய்க்கும் 2016-ல் சர்வதேசத் தரம் வந்தது. முன்பு சாப்பாட்டுக் குழாயின் வாய் நரம்பில் ஏற்றும் குழாயிலும் பொருந்திவிடும் அபாயம் இருந்தது. அப்படித் தவறி ஏற்றி உயிர் போனதும் உண்டு. இப்போதைய திருகு வாய் வேறெதிலும் பொருந்தாது. திருகுப் பள்ளத்தில் கூழ் புகுந்துகொள்கிறது, பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டியிருக்கிறது. தேய்த்துவிடலாம். பாதுகாப்பு முக்கியம்.

மேசைக்கு வருவோம். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயை நனைக்கிறார்கள். பிறகு ஒரு சிரிஞ்ச் கூழ், மெதுவாக. பொறுத்து இன்னொன்று. 240 மில்லி சாப்பாடு என்றால் நான்கு சிரிஞ்ச். கால் மணி, இருபது நிமிஷம் ஆகும். மற்றவர்கள் தட்டில் சாப்பிட்டு முடிக்கிற நேரம்தான். நடுவில் வயிறு உப்பினால் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, வெறும் சிரிஞ்சை உயரத் தூக்கிப் பிடிக்கிறார்கள். களக் களக் என்று காற்று மேலே வருகிறது. குழாய் வழியே ஏப்பம்! பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை. வாய் வழியாக வரும் நிஜ ஏப்பமும் உண்டு; பூண்டு போட்ட அன்று பூண்டு வாசம் அடிக்கும். முடிந்ததும் மறுபடி தண்ணீர். விழுங்கப் பழக்கும் தெரபிஸ்ட் அனுமதித்திருந்தால், அதே கூழில் துளி எடுத்து உதட்டில் வைப்பார்கள். நாக்கும் வயிறும் ஒரே சாப்பாட்டை ஒரே நேரத்தில் அறிந்துகொள்ளட்டும் என்று. எனக்கு இந்தச் சமையலறைகளில் மிகவும் பிடித்தது இதுதான். அண்ணன் தட்டில் இருக்கிற அதே கோழி, அதே கிழங்கு. கடைக்குப் போய் என்ன காய் வாங்கலாம் என்று அந்தக் குழந்தைக்காகவும் யோசிக்கிறார் அம்மா. பாட்டி வந்தால் பேத்திக்கும் சேர்த்துச் சமைக்கிறார். குடும்பம் என்ன சாப்பிடுகிறதோ அதை அவளும் சாப்பிடுகிறாள்.

இங்கே கொஞ்சம் நிதானித்து, கண்டிப்பாகவே சொல்கிறேன். மருத்துவரையும் டயட்டீஷியனையும் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது இல்லை. குழாய் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல்வரை போகிறது என்றால் பொதுவாக வேண்டாம் என்பார்கள். அங்கே கிருமியைக் கொல்லும் இரைப்பை அமிலம் கிடையாது, குழாயும் மெல்லியது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் அப்படித்தான். அரைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் ஒரு நாள். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர். சோடியம், அயோடின், துத்தநாகம், வைட்டமின் டி எல்லாம் போதுமா என்று யாராவது கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். 2018-ல் வெளியான கனடாவின் சிறு ஆய்வு ஒன்றில், அரைத்த சாப்பாட்டுக்கு மாறிய குழந்தைகளின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, வாந்தி குறைந்தது. ஆனால் அதே உடல் எடையைக் காப்பாற்ற முன்பைவிட அதிகக் கலோரி தேவைப்பட்டது. எடை பார்க்கும் மெஷினைத் தள்ளிவைத்துவிட்டுச் செய்கிற வேலை இல்லை இது. பாட்டிலும் பிளெண்டரும் பாதிப் பாதி என்று நடத்தும் வீடுகளும் நிறைய. இரவில் பம்பில் பாட்டில், பகலில் சமையல். அதுவும் அருமையான ஏற்பாடு. முன்பு தயங்கிக்கொண்டிருந்த பிரிட்டனின் உணவியலாளர் சங்கம், 2019-ல் தன் கொள்கையை மாற்றி, குடும்பம் விரும்பினால் துணை நின்று உதவுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டது.

நம்மூரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: இதென்ன புதுசா? மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போட்ட நோயாளிக்குக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் முட்டை அடித்த பாலும் நம் ஆஸ்பத்திரிகளில் எப்போதும் கொடுப்பதுதானே? உண்மைதான். நாம் சமையலறையை முழுசாக விட்டுப் போகவே இல்லை. ஆனால் மூக்குக் குழாய் அடைத்துக்கொள்ளக் கூடாது என்று நீர்க்க நீர்க்கக் கரைத்து வடிகட்டும்போது பருப்பு வடிகட்டியிலும் தண்ணீர் டியூபிலும் போய்விடுகிறது. அந்த அமெரிக்க அம்மாக்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கு: ஒரு மில்லியில் எத்தனை கலோரி என்ற கேள்வி. ஒரு கரண்டி நல்லெண்ணெய் அதற்கு எவ்வளவு பெரிய பதில்!

2022-ல் அமெரிக்கா முழுக்கப் பால்மாவு தட்டுப்பாடு வந்தபோது, குழாய்க் குழந்தைகளுக்கான சிறப்பு வகைகளும் கடையில் இல்லாமல் போய்ப் பல வீடுகள் தவித்தன. அரைக்கத் தெரிந்த வீடுகளுக்குக் கை ஊன்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. சமைக்க நேரமில்லாதவர்களுக்கு இப்போது நிஜச் சாப்பாட்டை அரைத்துப் பையில் அடைத்தும் விற்கிறார்கள். இப்படித் தொழில் தொடங்கியவர்களில் தன் வீட்டுக் குழாய்க் குழந்தைக்காகத் தேடியலைந்த பெற்றோரும் உண்டு, தன் அப்பாவுக்காக இறங்கிய ஒரு சமையல் கலைஞரும் உண்டு. பள்ளிக்கு ஐஸ் வைத்த பையில் கூழ் ஜாடி போகிறது. மருத்துவரின் எழுத்துமூல உத்தரவு இருந்தால் பள்ளி நர்ஸ் சிரிஞ்சில் கொடுப்பார்.

அடுத்து ஊர்ச் சமையலும் பண்டிகைச் சமையலும், எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறுகிறது! சின்சினாட்டிக்கே உரிய ‘சில்லி’ என்ற கறிச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை, கிராம்பு வாசத்தோடு கொத்துக்கறி, அதன் கீழே ஸ்பகெட்டி, மேலே குவியலாகத் துருவிய செடார் சீஸ். ஸ்பகெட்டி பசையாகும் என்று பார்த்தோமா? ஸ்பகெட்டியைக் குறைத்து, சாறைக் கூட்டி, சூடாக அரைத்தால் ஓடிவிடும். நவம்பரின் நான்காம் வியாழன், நன்றி கூறும் நாள்: வான்கோழி, கிரேவி, பச்சை பீன்ஸ், சர்க்கரைவள்ளி, கிரான்பெரி சாஸ். கிரான்பெரியில் பெக்டின் அதிகம், ஆறினால் ஜெல்லியாக உறையும், அதனால் அது கடைசியில், சூடான கிரேவியோடு. கிரேவியே ஓட்டத்துக்கும் உதவுகிறது, உப்புக்கும் உதவுகிறது, கலோரிக்கும் உதவுகிறது. அப்புறம் பூசணிப் பை. மேலோட்டைத் தள்ள வேண்டியதில்லை. ஒரு கப் பாலோடு ஓட்டையும் சேர்த்தே அரைத்துவிடலாம், அதன் வெண்ணெய் எல்லாம் நல்ல கலோரி. விப்டு க்ரீமை மட்டும் கரண்டியால் கலக்க வேண்டும். பிளெண்டரில் போட்டால் காற்று ஏறி, அப்புறம் அரை மணி நேரம் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து ஏப்பம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.